தூரம் எவ்வளவு?

ஒரு சின்னக் கணக்கு. வடதுருவத்துக்கு இந்தப் பக்கம் நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவுக் கூட்டத்தில் லாங்இயர்பியன் விமான நிலையம். அந்தப் பக்கம் அமெரிக்காவின் அலாஸ்காவில் உட்கியாக்விக் விமான நிலையம். 2016 வரை அந்த ஊருக்கு பாரோ என்று பெயர். வெளியூரிலிருந்து இந்த இரண்டு ஊருக்குமே ரோடு கிடையாது. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம்?

நான் நம் லைப்ரரி சுவரில் இருக்கிற மேப்பில் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஒரு ஊர் நடுவில், இன்னொன்று இடது ஓரத்தில். பூமத்திய ரேகை அளவுப்படி 19,000 கி.மீ.க்கு மேல் வந்தது. பிறகு பீரோ மேல் இருந்த பழைய குளோபை இறக்கி, ஒரு நூலைப் பிடித்தேன். நூல் துருவத்தை ஒட்டிக் குறுக்கே போனது. அந்த நூல் உலகத்தின் சுற்றளவில் பன்னிரண்டில் ஒரு பங்குதான்! கால்குலேட்டரில் போட்டால் சுமார் 3,380 கி.மீ. துருவத்தில் ஒரே புள்ளியில் சேர வேண்டிய கோடுகளை தட்டை மேப் கடைசி வரை விலக்கியே வைக்கிறது. அதனால் வந்த வினை.

மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறந்தால் நாலேகால் மணி நேரம். ஆனால் நேர் சர்வீஸ் இல்லை. தெற்கே ஆஸ்லோவுக்கு இறங்கி, அட்லாண்டிக்கைத் தாண்டி, ஆங்கரேஜ் போய், மறுபடி வடக்கே ஏற வேண்டும். ஒரு நாள் போய்விடும்.

எங்கள் ஊருக்கும் காலேஜுக்கும் நேர்க்கோட்டில் 6 கி.மீ. நடுவில் ஆறு, பாலம் இல்லை. இரண்டு பஸ் மாறி 23 கி.மீ. சுற்றி வருகிறேன். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். சேரும்போது அப்பா, "அவ்வளவு தூரம் எதுக்குடா?" என்றார். கோடையில் அந்த ஆற்றை நடந்தே கடந்து கரும்பு வெட்டப் போகிறவர் அவர். கிலோமீட்டரைச் சொல்லவில்லை என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பாவுக்கும் தங்கைக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். 1928 ஏப்ரலில் வில்கின்ஸ், ஐல்சன் என்று இரண்டு பேர், ஒற்றை எஞ்சின் லாக்ஹீட் வேகா விமானத்தில் பாரோ பக்கத்திலிருந்து ஸ்வால்பார்டுக்குப் பறந்தார்கள். 20 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்கு முன் 1926, 1927 இரண்டு வருடமும் முயற்சி பலிக்கவில்லை.

"போய்ச் சேந்தாங்களா?" என்றார் அப்பா.

"சேந்தாங்கப்பா. புயல்ல ஒரு தீவுல இறங்கி, அஞ்சு நாள் மாட்டிக்கிட்டு, அப்புறம் சேந்தாங்க."

அப்பா ஒன்றும் பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து, பத்தாவது எழுதியிருந்த தங்கையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அந்த அப்ளிகேஷனுக்கு போட்டோ எத்தனை ஒட்டணும்?"

- இரண்டாம் ஆண்டு, சிவில்