விசிறிக்குக் கடிவாளம்

நம்மவர்களுக்குச் சப்தம் என்றால் பயமே கிடையாது. கல்யாணப் பந்தலில் தவில் வித்வான் வெளுத்து வாங்கிக்கொண்டிருப்பார். அவருக்கு இரண்டு கஜம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, பாகப்பிரிவினை விவகாரத்தைப் பைசா சுத்தமாகப் பேசி முடிக்கிற சாமர்த்தியம் நமக்கு உண்டு. பஸ் ஹாரனைத் தாலாட்டாக எடுத்துக்கொண்டு குறட்டை விடுகிறவர்களைத் தினம் பார்க்கிறோம். இப்படிப்பட்ட நம்மையும் மடக்கிவிடக் கூடிய சப்தம் ஒன்று இருக்கிறது. இடி முழக்கம் அல்ல. வேட்டுச் சப்தம் அல்ல. மேஜைக் கம்ப்யூட்டரின் பெட்டிக்குள் சுழல்கிற, ஒரு சாண் அகலம்கூட இல்லாத விசிறியின் சப்தம்!

"கேவலம், ஒரு விசிறிக்கா இத்தனை பீடிகை?" என்று நேயர்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் அந்த விசிறி ஒரு குடும்ப விஷயமாகிவிட்டது, ஆகையால்தான் பீடிகை.

பத்திரிகைக்காரனின் உத்தியோகத்தில் பாதி, ராத்திரியில் வீட்டில் நடப்பது. கட்டுரை திருத்த வேண்டும். படங்களைச் சீராக்க வேண்டும். பேட்டியின் ஒலிப்பதிவைப் போட்டுப் போட்டுக் கேட்டு எழுத வேண்டும். மேற்கு மாம்பலத்தில் எங்களுக்கு இரண்டே அறைகள். ஒன்றில் என் மனைவியும் குழந்தையும் தூங்குவார்கள். இன்னொன்றில் மேஜை, கம்ப்யூட்டர், நான். சுவர் ஓரக் கட்டிலில் அம்மா.

அம்மாவுக்கு வயது 74. போன வருஷம் காதுக்குக் கருவி வைத்தோம். அதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்வதென்றால் தெரு முழுவதற்கும் தண்டோராப் போடுகிற மாதிரிதான். கருவி வந்த பிறகு எங்கள் வீட்டு ரகசியங்கள் மறுபடியும் ரகசியங்களாயின. இரவு ஒன்பதரை மணிக்கு நான் வேலையில் உட்காருவேன். அம்மா தலையணையில் சாய்ந்துகொண்டு ஆரம்பிப்பாள். அப்பாவுக்கு மாயவரத்திலிருந்து மணப்பாறைக்கு மாற்றலான கதை. காவேரியில் வெள்ளம் வந்தபோது அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றிய கதை. அப்பா போன பிறகு அவள் மனம் விட்டுப் பேசக் கிடைக்கிற நேரம் அந்த ஒரு மணிதான். எனக்கும், உள்ளதைச் சொன்னால், ஒரு நாளில் உருப்படியான நேரம் அதுதான்.

இந்தச் சமயத்தில் புதுக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. முகப்பில் மூன்று விசிறி, முதுகில் ஒன்று, செயலியின் தலைமேல் ஒன்று. ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே தேர்த் திருவிழா மாதிரி வர்ண விளக்குகள். பொத்தானை அமுக்கியதும் 'உஸ்ஸ்' என்று ஆரம்பித்துப் படிப்படியாக உச்சஸ்தாயிக்கு ஏறியது.

"ஏண்டா, மாவு மில்லை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துட்டியா?" என்றாள் அம்மா. இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்தாள். "நான் காதைக் கழட்டி வச்சுடறேன். நீ உன் வேலையைப் பாரு" என்று கருவியை எடுத்து டப்பாவில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாளும் அப்படியே. ஒரு வாரத்துக்குள் கதை நின்றே போய்விட்டது.

கருவிமேல் குற்றம் சொல்வதற்கில்லை. வயதான காது முதலில் இழப்பது உச்சஸ்தாயி ஒலிகளை. மெய்யெழுத்துக்களின் கூர்மையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அது மங்கினால் 'பட்டு' என்றாலும் 'தட்டு' என்றாலும் 'கட்டு' என்றாலும் ஒன்றுபோல் கேட்கும். கருவி அந்த மெல்லிய ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கிறது. ஆனால் நாலடி தூரத்தில் ஓயாத காற்றிரைச்சல் இருந்தால் அதையும் சேர்த்துத்தான் தூக்குகிறது. பேச்சையும் இரைச்சலையும் பிரித்துப் பார்க்கும் வித்தை இந்தக் காலத்துக் கருவிகளுக்குத் தெரியும். இருந்தாலும் வித்தைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா?

விசிறியே இல்லாமல் கம்ப்யூட்டர் செய்ய முடியாதா என்று அந்த வாரம் எனக்கு ஓர் ஆவேசம் வந்தது. என்னைப் போலவே ஆவேசப்பட்ட ஒருவர் அமெரிக்காவில் இருந்தார் என்று தெரிய வந்தது. ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு விசிறிச் சப்தம் என்றால் ஆகாது. 1977-ல் வெளிவந்த ஆப்பிள்-2 விசிறி இல்லாமலே நன்றாக ஓடியது. 1980-ல் ஆப்பிள்-3 வந்தது; அதற்கும் விசிறி கிடையாது. ஆனால் அது சூடேறி, உள்ளே சொருகியிருந்த சில்லுகள் இடம்விட்டுக் கிளம்பின. 'பெட்டியை இரண்டு மூன்று அங்குலம் தூக்கித் தொப்பென்று கீழே போடுங்கள்' என்று வைத்தியம் சொன்னார்களாம்! நம் ஊரில் ரேடியோவின் தலையில் தட்டிப் பாட வைத்தோமே, அதே வைத்தியம்தான். 1981-ல் வந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டரில், மின்சாரப் பகுதியில் மட்டும் ஒரு விசிறி இருந்தது. அதன் பிறகு செயலியின் வேகம் ஏற ஏற, விசிறிகளும் குட்டி போட்டுக்கொண்டே வந்தன.

காரணம் சுலபமானது. செயலிக்குள் போகிற மின்சாரம் அவ்வளவும் கடைசியில் உஷ்ணமாகத்தான் வெளியே வரவேண்டும். கட்டை விரல் நகம் போன்ற ஒரு சில்லு, முழு வேகத்தில் 100 வாட்டைச் சர்வசாதாரணமாக விழுங்குகிறது. பழைய காலத்து 100 வாட் குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆகவே காற்று வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதில்தான் பேரம்.

பேரம் பேச நான் போன இடம் ரிச்சி தெரு. மவுண்ட் ரோடை ஒட்டிய அந்தச் சந்தில் கிடைக்காத வயர் உலகத்திலேயே இல்லை. ஓர் ஆள் மட்டும் நுழையக் கூடிய கடையில், சால்ட்ரிங் புகைக்கு நடுவே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என் கஷ்டத்தைச் சொன்னேன். அவர் தலையைத் தூக்காமலே கேட்டார்:

"சார், உங்க ஃபேனுக்கு வயர் எத்தனை?"

எடுத்துப் போயிருந்த புகைப்படத்தைக் காட்டினேன். முகப்பு விசிறிகளுக்கு மூன்று வயர். மற்ற இரண்டுக்கும் நான்கு.

"அதான் பாருங்க" என்றார், வியாதி பிடிபட்ட வைத்தியர் தோரணையில்.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். மூன்று வயர் விசிறியில் ஒன்று தரைக்கு. ஒன்று 12 வோல்ட் மின்சாரத்துக்கு. மூன்றாவது, விசிறி தன் வேகத்தைத் தெரிவிக்க. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம் அது கணக்கு ஒப்புவிக்கும். இந்த விசிறியை அடக்க வேண்டுமானால் மின் அழுத்தத்தையே 7 வோல்ட், 5 வோல்ட் என்று இறக்க வேண்டும். நான்கு வயர் விசிறி கொஞ்சம் படித்தது. அதற்கு எப்போதும் 12 வோல்ட்தான். நாலாவது வயர் வழியே வினாடிக்குச் சுமார் 25,000 தடவை 'ஓடு, நில்' என்று உத்தரவு போகும். 'ஓடு' நீண்டால் வேகம், சுருங்கினால் நிதானம். ஏன் 25,000? மனிதக் காது 20,000 வரைதான் கேட்கும். அதற்கு மேலே உத்தரவு போட்டால் அதன் கீச்சுக் குரல் நம்மை எட்டாது. யாரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறார்!

என் பெட்டியைப் பூட்டிக் கொடுத்தவர்கள், எல்லா விசிறிகளுக்கும் நாலு வயர் முறையையே நியமித்துவிட்டிருந்தார்கள். நாலாவது வயரில் போன உத்தரவைக் கேட்க, முகப்பு விசிறிகளிடம் நாலாவது வயரே இல்லை. அவை பாட்டுக்கு 12 வோல்ட்டைக் குடித்துவிட்டு ராப்பகலாகத் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன.

"ஒரு பைசா செலவில்லை சார். பயாஸில் போய் மாத்திடுங்க" என்றார் பெரியவர். அப்படிச் சொல்லிவிட்டதால் கடைக்கு நஷ்டம் என்று எனக்குத் தோன்றி, இரண்டு ரப்பர் ஆணிப் பாக்கெட் வாங்கிக்கொண்டேன். இரும்புத் திருகாணிக்குப் பதில் இந்த ரப்பரில் விசிறியை மாட்டினால், அதன் நடுக்கம் தகட்டுக்கு ஏறாது. அவர் பெரிய விசிறிகளையும் எடுத்துக் காட்டினார். 80 மில்லி மீட்டர் விசிறி தருகிற காற்றை, 140 மில்லி மீட்டர் விசிறி மெதுவாகச் சுற்றியே தந்துவிடும். ஆஸ்திரியா தேசத்து நாக்டுவா விசிறியும் அவரிடம் இருந்தது. நாக்டுவா என்பது ஆந்தையின் பெயர். சிறகோசை கேட்காமல் பறக்கிற பிராணி அல்லவா? விலையைக் கேட்டதும் நானும் ஓசைப்படாமல் வெளியே வந்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் கண் விழிக்கிற நேரத்தில் 'டெலிட்' விசையைத் தட்டிக்கொண்டிருந்தால் பல பெட்டிகளில் ஓர் உள்ளறை திறக்கும். அதுதான் பயாஸ். அங்கே ஒவ்வொரு விசிறிக்கும் ஒரு கோடு வரைந்திருக்கும்: இத்தனை டிகிரி உஷ்ணத்துக்கு இத்தனை வேகம். முகப்பு விசிறிகளை வோல்ட் முறைக்கு மாற்றினேன். 1,400 சுற்றிலிருந்து 700-க்கு இறக்கினேன். சுழற்சி பாதியானால் காற்றும் பாதியாகும். ஆனால் சப்தம் சுமார் 15 டெசிபெல் இறங்கும். 10 டெசிபெல் இறங்கினாலே காதுக்குப் பாதியாகத் தோன்றும். இதைவிட லாபமான பேரம் கொத்தவால் சாவடியிலும் படிந்திருக்காது. ஓர் எச்சரிக்கை: வோல்ட்டை ரொம்பவும் குறைத்தால் சில விசிறிகள் கிளம்பவே மாட்டா. நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

செயலியின் விசிறியில் வேறு ஒரு தொந்தரவு. ஒரு படத்தைத் திறந்தால் 'உய்ங்', மூடினால் 'உஸ்'. அம்மாவுக்கு உபத்திரவம் இரைச்சலின் அளவு. எனக்கு இந்த ஏற்ற இறக்கம். சுவர்க் கடிகாரத்தை மறந்துவிடுகிற காது, இப்படி மூச்சு வாங்குகிற விசிறியை மறப்பதில்லை. செயலியின் உஷ்ணம் ஒரு நொடியில் பத்து டிகிரி ஏறி மறு நொடியே இறங்கக் கூடியது. அதன் பின்னால் விசிறியும் ஓட வேண்டிய அவசியமில்லை. 'சில வினாடி பொறுத்து வேகம் மாற்று' என்று பயாஸில் ஓர் இடம் இருக்கிறது. அதைப் போட்டேன். 60 டிகிரி வரையில் கோட்டைச் சமதளமாக்கி, 85-ல் முழு வேகம் என்று வைத்தேன்.

இங்கே நம் ஊருக்கென்று ஒரு வார்த்தை. குளிர் தேசத்துக்காரர்கள் எழுதுகிற யோசனைகளில், அறையின் உஷ்ணம் 20 டிகிரி என்று சொல்லாமலே வைத்துக்கொள்கிறார்கள். சென்னையில் கத்திரி வெயில் நாளில் அறைக்குள்ளேயே 35 டிகிரி. விசிறி அறைக் காற்றைத்தான் தள்ளும். அதைவிடக் குளிர்ச்சியை எங்கிருந்து கொண்டுவரும்? ஆகவே மார்கழி ராத்திரியில் கோடு போட்டுத் திருப்தி அடையக் கூடாது. மே மாத மத்தியானத்தில் பெரிய வேலை ஒன்றைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். நான் அப்படித்தான் சோதித்தேன். 81 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. இன்றைய செயலிகள் 95, 100 டிகிரியை ஒட்டியதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் தப்பும். அதுவரை கொண்டு போகாமல் இருப்பது நல்லது.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகப்பு வலையைக் கழற்றியபோது மெத்தை தைக்கிற அளவுக்குப் பஞ்சு வந்தது. வலை அடைத்தால் காற்று வராது; உஷ்ணம் ஏறும்; விசிறி கத்தும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, விசிறியின் இறகை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதவேண்டும். இல்லாவிட்டால் ஊதுகிற வேகத்தில் அது தறிகெட்டுச் சுற்றிக் கெட்டுப்போகும். பெட்டியின் கால்களுக்குக் கீழே பழைய ரப்பர் செருப்பை நறுக்கி வைத்தேன். தரையின் கிர்ர் ஓசை போயிற்று. "யார் செருப்பு?" என்று மட்டும் என் மனைவி விசாரித்தாள்.

அன்று இரவு ஒன்பதரைக்குக் கம்ப்யூட்டரைப் போட்டேன். அம்மா கையை டப்பாவின் பக்கம் கொண்டு போனாள். சற்று நிதானித்தாள்.

"இன்னும் போடலையா?"

"போட்டாச்சு அம்மா. ஓடுது."

டப்பாவை மூடித் தலைமாட்டில் தள்ளி வைத்தாள். "அன்னிக்கு எதிலே விட்டேன்?"

"அரிசி மூட்டை பரணுக்குப் போச்சு."

"ஆமா, அந்த மூட்டை..." என்று ஆரம்பித்தாள். வெள்ளம் வாசற்படியில் இரண்டாவது படியைத் தொட்ட கட்டத்தில் சட்டென்று நிறுத்தி, மேலே பார்த்தாள்.

"டேய், அந்தச் சீலிங் ஃபேன் என்னடா 'கடக் கடக்'னு அடிச்சுக்கறது? அதுக்கு வயர் எத்தனை?"