ஒரே ஒரு எண் மாறினால்

தேடுபொறி வேலை கற்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் இரண்டு பக்கங்களைக் காட்டுவேன். ஒன்று கோயில் இணையதளம். அடியில் 'இதுவரை வந்தவர்கள்' என்று கவுண்டர் ஓடும். மற்றது தேர்வு அறிவிப்பு. விண்ணப்பிக்கக் கடைசி நாள் நேற்று 15, இன்று 25. இரண்டிலும் மாறியது ஓர் எண்தான். வாசகத்தை ஓர் எண்ணாகச் சுருக்கும் சாதாரண ஹாஷ் போட்டால் இரண்டுமே மாறிவிட்டன என்று சொல்லும். ஒத்த பக்கங்களுக்கு ஒத்த எண் தரும் சிம்ஹாஷ் போட்டால் இரண்டுமே அப்படியே இருக்கின்றன என்று சொல்லிவிடக்கூடும். அதன் 64 பிட்டில் 3 பிட் வரை வேறுபட்டாலும் ஒரே பக்கமாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. எந்த எண்ணுக்காக ஒரு பிள்ளை தேடி வருகிறான் என்பது இந்த இரண்டு ஹாஷுக்கும் தெரியாது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணனின் கைப்பழக்கம் ஒன்று உண்டு. ஒரே பக்கத்தைச் சில விநாடி இடைவெளியில் இரண்டு முறை எடுப்பார். அதற்குள் மாறியதெல்லாம் பதர்: விளம்பரம், கவுண்டர், செஷன் எண். பக்கம் காட்டும் இன்றைய தேதி இதில் தப்பிவிடும். அதற்காக மறுநாளும் ஒருமுறை எடுப்பார். பதரைச் சுரண்டிய பிறகுதான் ஹாஷ். தேதியையும் ரூபாயையும் தனியே பிரித்து ஒப்பிடுவார். சர்வர் தரும் 'கடைசியாக மாறிய நேரத்தை' லேசில் நம்பமாட்டார். கேட்கும்போதெல்லாம் அந்த நிமிடத்தையே எழுதித் தரும் சர்வர்கள் ஏராளம்.

அடிக்கடி மாறும் பக்கத்துக்கு அடிக்கடி போகவேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஸ்டான்ஃபோர்டில் சோ, கார்சியா-மோலினா இருவரும் 2000-வாக்கில் அது எப்போதும் சரியல்ல என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பக்கம் நாளுக்கு 9 முறை மாறுகிறது, இன்னொன்று ஒருமுறை. நம்மால் ஒன்றுக்குத்தான் போகமுடியும் என்றால் இரண்டாவதற்குப் போ. அங்கே எடுத்த பிரதி அதிக நேரம் புதிதாக இருக்கும். முதலாவதில் சீக்கிரமே பழசாகிவிடும். கணக்கு சரி. ஆனால் செய்தித்தாளின் முகப்பை இப்படி ஒதுக்காதீர்கள். அங்கே போவது முகப்பின் வாசகத்துக்காக அல்ல, புது லிங்குகளுக்காக.

எடுத்து வந்ததை இண்டெக்ஸில் ஏற்றுவது தனி வேலை. ஒரு பக்கம் மாறினால், அதில் வந்த, போன ஒவ்வொரு சொல்லுக்கும் 'எந்தெந்தப் பக்கத்தில் உள்ளது' என்ற பட்டியலும் மாறவேண்டும். லூசீன் போன்ற தேடல் மென்பொருள்கள் இண்டெக்ஸின் பழைய துண்டை, அதாவது செக்மெண்டை, திருத்துவதில்லை. பழைய பக்கத்துக்கு 'நீக்கப்பட்டது' என்று குறிபோட்டு, புதியதைச் சிறு செக்மெண்டில் எழுதி, பிறகு மெர்ஜ் செய்கின்றன. பெரிய மெர்ஜ் வட்டின் கழுத்தைப் பிடிக்கும். கூட்டம் குறைந்த நேரம் பார்த்து விடுங்கள்.

பக்கம் செத்ததைக் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். 'இல்லை' என்னும் 404 வந்தால் நிம்மதி. 'பக்கம் கிடைக்கவில்லை' என்று எழுதிவிட்டு 'சரி' என்னும் 200 அனுப்பும் தளங்களை வாசகம் படித்துத்தான் பிடிக்கவேண்டும்.

இன்னொன்று: அந்தக் கோயில் தளம் ஒரு சின்ன சர்வரில் ஓடும். எதை எடுக்கலாம் என்று தளம் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பைப் படித்துவிட்டு, இடைவெளி விட்டுக் கேளுங்கள்.

சேர்ந்த முதல் வாரம் கோட் எழுதவேண்டாம். நூறு பக்கங்களின் நேற்றைய பிரதியையும் இன்றைய பிரதியையும் அருகருகே வைத்துக் கண்ணால் படியுங்கள்.