தாயின் நிறை

நிறை குறைவது நல்லது என்று ஒரு தாய்க்குச் சொல்லுமுன், எந்தத் தாய்க்கு என்று கேட்க வேண்டும். இக்கேள்வியைக் கேளாத அறிவுரைகள் இன்று நம்மிடையே மலிந்துவிட்டன. பிள்ளை பெற்ற சில மாதங்களிலேயே பழைய உடலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்றும், அதற்காக நாளொன்றுக்கு இத்தனை கலோரிக்கு மேல் உண்ணலாகாது என்றும் அவை கட்டளையிடுகின்றன. எல்லாப் பெண்களுக்கும் ஒரே உடலும் ஒரே அடுப்பும் வாய்த்திருப்பதாக எண்ணிக்கொண்டு பேசும் அறிவுரை அது.

நான் மன்னார்த் தீவில் ஆசிரியையாகத் தொழில் புரிபவள். என் மகளுக்கு இப்போது ஐந்து மாதம். பிரசவத்தின் பின் என் நிறை 74 கிலோ. என் உயரத்துக்கு அது மிகுதி. உடன் கற்பிக்கும் தோழியர் சிலர் இராச் சாப்பாட்டை நிறுத்திவிடும்படி சொன்னார்கள். மாமியோ சரக்குக் கறியும், நல்லெண்ணெயில் பொரித்த முட்டையும், பால்சுறா வறையும் மாறிமாறிச் சமைத்து, "தின்னு பிள்ளை, பால் வத்திப்போகும்" என்று முன்னால் வைத்தார். இவ்விரு தரப்புக்கும் இடையில் நின்ற நான், இதைப்பற்றி விஞ்ஞானம் கூறுவது யாது என்று தேடிப் படித்தேன்.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2001இல் ஒரு கணக்கைத் தந்தது. முதல் ஆறு மாதங்களில் தாய்ப்பால் மட்டுமே அருந்தும் குழந்தைக்குத் தாயின் உடல் நாள்தோறும் சராசரியாக 800 கிராமுக்குச் சற்று அதிகமான பாலைச் சுரக்கிறது. அதற்குச் செலவாகும் சக்தி 675 கலோரி. நல்ல போஷாக்குள்ள தாய் இதில் 505 கலோரியை மட்டும் கூடுதலாக உண்டால் போதும். எஞ்சிய 170 கலோரியைக் கர்ப்ப காலத்தில் அவள் உடலிற் சேர்ந்த கொழுப்பு ஈடுசெய்யும். அதனால் மாதந்தோறும் ஏறத்தாழ 800 கிராம் நிறை தானாகவே குறையும். சேமிப்பில்லாத மெலிந்த தாயோ 675 கலோரியையும் உணவாகவே பெற வேண்டும்.

என்போன்ற பருத்த தாய்மாருக்கு ஆறுதலான செய்தியும் உண்டு. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பாலூட்டும் பருத்த தாய்மார் 40 பேர் பங்குபற்றினர். அவர்களுள் ஒரு பகுதியினர் பிரசவத்தின் பின் நான்காம் வாரம் முதல் பத்து வாரங்களுக்கு உணவை மட்டுப்படுத்தி உடற்பயிற்சியும் செய்தனர். வாரம் அரைக் கிலோ வீதம் அவர்களின் நிறை குறைந்தது. குழந்தைகளின் வளர்ச்சியிற் குறைவேதும் காணப்படவில்லை. ஆகவே பால் சுரப்பு நிலைபெற்ற பின்னர், மெதுவாக நிறையைக் குறைப்பதில் தவறில்லை. ஆயினும் நாளொன்றுக்கு 1800 கலோரிக்குக் கீழே இறங்குவது நன்றன்று என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. நான் சீனியையும் பொரியலையும் குறைத்தேன். மீனையும் முருங்கையிலையையும் உளுந்தையும் விடவில்லை. மாலையில் கடற்கரையோரம் நடந்தேன். ஐந்து மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது.

என் அயலில் ஒரு பெண் இருக்கிறாள். கருவாட்டு வாடியொன்றில் நாட்கூலிக்கு வேலை செய்பவள். என் மகள் பிறந்த அதே மாதத்தில் அவளும் ஓர் ஆண்பிள்ளையைப் பெற்றாள். அண்மையில் இருவரும் கிளினிக்குக்கு ஒன்றாகச் சென்றோம். அவளுக்கும் நான்கு கிலோ குறைந்திருந்தது. ஆனால் அவள் தொடங்கியது 47 கிலோவில், இப்போது 43. எண்ணளவில் இருவரின் இழப்பும் ஒன்றே.

"உங்களுக்குக் குறைஞ்சது நல்லம் ரீச்சர். எனக்கும் குறைஞ்சால் ஆர் கூடை தூக்கிறது?" என்றாள். பிறகு, "ஆனால் பிள்ளைக்குப் பால் காணும்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவள் சொன்னது உண்மையே. அவ்வுண்மையிலேதான் கொடுமையும் அடங்கியிருக்கிறது. ஆபிரிக்காவில் கம்பியா நாட்டின் கெனெபா என்னும் கிராமத்தில், மழைக்காலத்தில் உணவு அருகும்போதுதான் வயல் வேலை மிகும். அங்கே பாலூட்டும் பெண்களுக்கு மேலதிக உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வொன்றின் முடிவுகள் 1980இல் வெளியாயின. உணவு கூடியும் பால் கூடவில்லை. தாய்மாரின் நிறைதான் சிறிது கூடியது. அப்படியானால், தாய்க்கு ஊட்டுவது வீண் என்று சிக்கனக் கணக்கர் ஒருவர் முடிவுகட்டக்கூடும். குழந்தையை மட்டும் எடைபோடுபவருக்கு அம்முடிவு சரியாகவே தோன்றும். உண்மை வேறு. உணவு குறைந்தாலும் உடல் பாலைக் குறைப்பதில்லை. கொழுப்பும் தசையும் கரைந்து அந்தக் கடனை அடைக்கின்றன. மேலும், பாலின் அளவு குறையாவிட்டாலும் அதிலுள்ள உயிர்ச்சத்து ஏ, பி1, அயடீன் முதலியவை தாய் உண்பதைப் பொறுத்தே அமைகின்றன. தாயின் வறுமை முதலில் அவளைத் தின்கிறது. பின்னர் பிள்ளையையும் எட்டுகிறது.

இலங்கையில் தாய்ப்பாலூட்டல் ஒரு வெற்றிக் கதையாகப் பேசப்படுகிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். வீடுவீடாய்ச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரின் உழைப்புக்கு இதிற் பெரும் பங்குண்டு. ஆனால் அந்தப் பாலுக்கான 675 கலோரி எங்கிருந்து வருகிறது? 1973 முதல் வழங்கப்பட்டுவரும் திரிபோஷா நாளுக்கு 50 கிராம். ஏறத்தாழ 200 கலோரி. தேவையில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. அதையும் தாய் தனியே உண்பதில்லை. மூத்த பிள்ளைகளும் கை நீட்டுகிறார்கள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் சோளத் தட்டுப்பாட்டால் அதன் உற்பத்தியே தடைப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு முந்திய மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. படகு கடலுக்குப் போகாவிடின் வாடியில் வேலை இல்லை. வேலை இல்லாவிடின் அடுப்பில் உலை இல்லை. மீன் பிடிக்கும் கரையிலேயே மீன் வாங்க வழியற்ற தாய்மார் இருந்தார்கள்.

எனக்கு 84 வேலைநாட்கள் முழுச் சம்பளத்துடன் விடுமுறை கிடைத்தது. அவளுக்குப் பெயர்ப் பதிவேடும் இல்லை, விடுமுறையும் இல்லை. நாற்பதாம் நாள் கழிந்ததும் வெயிலில் மீன் பரப்பப் போனாள். நான் உண்ணும்போது எனக்குப் பரிமாற மாமி இருந்தார். அவள் எல்லோருக்கும் பரிமாறிய பின் சட்டியை வழித்து உண்கிறாள். எங்கள் இருவரின் நிறைக்கும் இவையனைத்தும் காரணம்.

ஆகவே தாயின் நிறையைக் குடும்பத்தின் கணக்காகவும் நாட்டின் கணக்காகவும் கொள்ளல் வேண்டும். நாட்கூலித் தாய்க்கும் மகப்பேற்றுக் கொடுப்பனவு வேண்டும். பிள்ளை ஆறு மாதம் பாலருந்தும்வரை, பொதி மாவுக்கு மேலாக, உணவுக்குரிய பணம் அவள் கையிலேயே சேர வேண்டும். வாடிகளில் நிழலும் பாலூட்ட ஓர் இடமும் நேரமும் வேண்டும். ஆசிரியர்களாகிய நாம் வகுப்பறையிற் போஷாக்குப் பாடம் நடத்தும்போது, பிள்ளைகளிடம் ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்பலாம்: உங்கள் வீட்டில் அம்மா எப்போது சாப்பிடுகிறார்? எவ்வளவு சாப்பிடுகிறார்? அவர்கள் கொண்டுவரும் விடைகளிலிருந்து பாடத்தைத் தொடங்குவோம்.