திருச்சுழிப் பக்கம் வேலைக்குப் போன மருமகளுக்கு

அருப்புக்கோட்டை

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. உனக்குத் திருச்சுழிப் பக்கம் டீச்சர் வேலை என்றதும் அண்ணனுக்குத் தண்ணீர்க் கவலைதான். நீயோ நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைப் பற்றி எழுதியிருக்கிறாய். அப்பனும் ஆத்தாளும் கரிமூட்ட வேலைக்கு வெளியூர் போய்விட, பாட்டியோடு இருக்கிறாள். முதல் பீரியடிலேயே தூங்கிவிடுகிறாள். நகக்கண்ணில் பசை காய்ந்து கிடக்கிறது. கேட்டால், ‘பொறுப்பான பிள்ளை, ராத்திரி பட்டாசுக் குழாய் சுருட்டுது’ என்று ஊரே மெச்சுகிறது.

மெச்சுகிறவர்களை நம்பிச் சும்மா இருந்துவிடாதே, தாயி. இந்த வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்தால் கடன். கடன் வந்தால் முன்பணம். முன்பணத்துக்கு ஈடு பிள்ளையின் கை. விடியுமுன்னே ஊர் ஊராக வந்து சின்னஞ்சிறுசுகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிப்போன பஸ்களை எங்கள் வயதுக்காரர்கள் மறக்கவில்லை. 1976-ல் சிவகாசிப் பக்கம் அப்படிப் போன ஒரு பஸ் விபத்தில் சிக்கிப் பல பிள்ளைகள் செத்த பிறகுதான் அரசு விசாரணை வைத்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் வர இன்னும் பத்து வருடம் ஆனது. 1996-ல் எம்.சி.மேத்தா வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஆபீசுக்குள் பிள்ளைகள் குறைந்தார்கள். வேலை வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் 2016 திருத்தம் 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றாலும், பள்ளி நேரம் போக ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறது. அந்தச் சந்தில்தான் பசைச்சட்டி நுழைகிறது.

இதில் நஷ்டம் அந்த வீட்டோடு நிற்பதில்லை. பிள்ளை பாதிக் கூலிக்குக் கிடைக்கிற ஊரில் பெரியவருக்கு யார் முழுக்கூலி கொடுப்பான்? பஸ் ஏறிப்போன சிறுமிகள் எழுத்துக்கூட்டத் தெரியாமலே தாயானார்கள். அவர்கள் பெற்ற பெண்களில் எத்தனையோ பேர் கல்யாணச் செலவுக்கென்று ‘சுமங்கலித் திட்டத்தில்’ மில் விடுதிகளில் அடைபட்டார்கள். வறுமை பிள்ளையை வேலைக்கு அனுப்பியது; அந்த வேலையே வறுமையை அடுத்த தலைமுறைக்கும் எழுதி வைத்தது.

அதற்காகப் பாட்டியைக் குற்றவாளி ஆக்கிவிடாதே. அந்தக் குழாய்க்காசில்தான் அவள் மருந்து வாங்குகிறாளோ என்னவோ. முதியோர் உதவித்தொகை வருகிறதா என்று கேள். பிள்ளை வராத நாள், தூங்கிய நாள், காயம் கண்ட நாள் எல்லாவற்றையும் தேதி போட்டுக் குறித்து வை. தலைமையாசிரியரிடம் சொல். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடு. விருதுநகரில் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதே. தானாகச் சொல்வதைக் குறுக்கிடாமல் கேள். யாராவது தப்பாகத் தொட்டதாகத் தெரிந்தால், 2012 போக்சோ சட்டப்படி போலீசில் சொல்லியே ஆகவேண்டும். பள்ளிக்கூடத்துக்குள் பஞ்சாயத்துப் பேசி முடிக்க யார் வந்தாலும் நீ உடன்படாதே. அவள் பெயர் மட்டும் ஊர்வாயில் விழாமல் பார்த்துக்கொள்.

ஊரைப் பகைத்துக்கொள்வதா என்று கேட்டிருக்கிறாய். நாலு பேர் நாலு நாள் முகம் திருப்பிக்கொள்வார்கள். அப்புறம் அவர்கள் பிள்ளையும் உன்னிடம்தானே படிக்க வரும்.

யாரிடம் சொன்னாய், என்ன செய்தார்கள் என்று அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அத்தை