புது பேஸ் கிட்டார் வாங்கினா புது சத்தம் வருமா? (நீண்ட த்ரெட்)

1.
கிட்டார், பேஸ் கிட்டார் வாசிக்கிற தம்பி தங்கைகளுக்கும், "பையன் இன்னொரு கிட்டார் கேக்குறான்" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களுக்கும் இந்த த்ரெட்.

டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேக்கலாம். விரல், காது, மூளை, கடன் என்று நாலும் சம்பந்தப்பட்ட விஷயம் இது. முதல் மூணும் என் படிப்பில் வருது. நாலாவது, ஓபியில் தினமும் நான் பார்க்கிற வியாதி.

2.
கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போற ரோட்டில் இருக்கிற சின்ன ஊர். இந்தப் பக்கத்தில் கிட்டார் கத்துக்கிறவங்களை நான் பெரும்பாலும் ரெண்டு இடத்தில்தான் பார்க்கிறேன். ஒண்ணு சர்ச் கொயர். இன்னொண்ணு ஆடி மாசத் திருவிழாவுக்கு வரும் ஆர்கெஸ்ட்ரா.

அப்படி ஒரு தம்பி. பகலில் மொபைல் கடை வேலை, திருவிழா சீசனில் பேஸ் கிட்டார். அம்மாவுக்கு சுகர் மாத்திரை வாங்க வந்தவர், நானும் கொஞ்சம் கிட்டார் வாசிப்பேன்னு தெரிஞ்சு கேட்டார். "சார், ஆப்புல லோன் போட்டு அமெரிக்கன் ஃபெண்டர் வாங்கலாம்னு இருக்கேன். நாலு வருஷமா ராஜா சார் பாட்டையே காப்பி அடிச்சிக்கிட்டு இருக்கேன். எனக்குன்னு ஒரு சவுண்டு வேணும் சார்."

அவர் சொன்ன விலை, கிட்டத்தட்ட அவருடைய ஒரு வருஷச் சம்பளம்.

3.
அவர் பேச்சில் ரெண்டு நம்பிக்கை இருக்கு.

அ) காப்பி அடிக்கிறது கேவலம்.
ஆ) சொந்த சவுண்டு கடையில் கிடைக்கும்.

என் கருத்து, ரெண்டுமே தலைகீழ். காதால கேட்டு கையால காப்பி அடிக்கும்போதுதான் சொந்த சவுண்டு பிறக்குது. இன்னொருத்தர் வாசிச்ச அதே மாடலைக் காசு கொடுத்து வாங்குறதுதான் அசல் காப்பி. ஏன்னு சொல்றேன்.

4.
முதல்ல வியாதியின் பேர். ஸ்டீலி டேன் குழுவின் வால்டர் பெக்கர், 1990களில் ஒரு கிட்டார் பத்திரிகையில் இதைக் கிண்டலா எழுதினார். அதுக்கு அவர் வைத்த பேர் 'கிட்டார் அக்விசிஷன் சிண்ட்ரோம்'. அதாவது கிட்டார் வாங்கிக் குவிக்கும் நோய். சுருக்கமா 'கேஸ்'. இப்போ ஆம்ப், பெடல் எல்லாம் சேர்த்து 'கியர் அக்விசிஷன் சிண்ட்ரோம்' என்கிறாங்க. மருத்துவப் புத்தகத்தில் இப்படி ஒரு நோய் கிடையாது. ஆனா கேஸ் ஹிஸ்டரி எல்லார் வீட்டுலயும் இருக்கு.

எங்க தொழில்லயும் உண்டு. எம்பிபிஎஸ் சேர்ந்ததும் விலை உயர்ந்த ஸ்டெத்தாஸ்கோப் வாங்குற ஆசை வரும். அதே வார்டில், நர்ஸ் மேஜையில் கிடக்கும் சாதா ஸ்டெத்தை எடுத்து வெச்சு பேராசிரியர் இதய முணுமுணுப்பைக் கண்டுபிடிச்சிடுவார். மருத்துவ உலகில் பழைய ஜோக் ஒண்ணு: ஸ்டெத்தாஸ்கோப்பில் முக்கியமான பாகம், ரெண்டு காது முனைக்கும் நடுவுல இருக்கிறதுதான்.

5.
இதுக்குப் பின்னாடி அறிவியல் இருக்கு. உங்க கையெழுத்தை எடுத்துக்கோங்க. நோட்டில் எழுதும்போது விரலும் மணிக்கட்டும் அசையும். கரும்பலகையில் பெரிசா எழுதும்போது முழங்கையும் தோளும் அசையும். வேற தசை, வேற மூட்டு, வேற எழுதுகோல். ஆனாலும் ரெண்டும் ஒரே ஆள் எழுதினதுன்னு பார்த்தாலே தெரியும். 'மோட்டார் ஈக்விவலன்ஸ்' என்று பேர். ரஷ்ய உடலியல் அறிஞர் நிகோலாய் பெர்ன்ஸ்டீன் போன்றவர்கள் போன நூற்றாண்டிலேயே இதைப் பத்தி ஆராய்ஞ்சிருக்காங்க.

எழுத்தின் வடிவம் பேனாவில் இல்லை, மூளையில் பதிஞ்சிருக்கு. பேனாவை மாத்தினா மை நிறம் மாறும். 'ழ'வின் வளைவு மாறாது. கிட்டாரும் அப்படித்தான்.

6.
பேஸ் கிட்டாரில் கை என்னென்ன தீர்மானிக்குதுன்னு பாருங்க.

• பிரிட்ஜ் பக்கத்தில் மீட்டினா சத்தம் கூர்மையா வரும். கழுத்துப் பக்கம் மீட்டினா உருண்டையா வரும். ஒரே ஸ்ட்ரிங், ஒரே சுரம். மீட்டுற இடத்தைப் பொறுத்து அந்த ஸ்ட்ரிங்கில் எழும் மேல் அதிர்வுகளின் அளவு மாறுது.
• விரலின் சதையா நுனியா, எந்தக் கோணம், எவ்வளவு அழுத்தம்.
• சுரத்தை எவ்வளவு நேரம் பிடிக்கிறீங்க, எப்போ விடுறீங்க. இதுதான் பேஸில் பாதி சங்கதி. சுரம் நிக்கிற இடம் பாட்டின் நடையையே மாத்திடும்.
• டிரம்ஸின் அடிக்கு மயிரிழை முன்னாடியா, பின்னாடியா.

இதில் ஒண்ணுகூட கடையில் பில் போட்டு வாங்க முடியாது.

7.
உலகமே கும்பிடும் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1960களின் மோடவுன் பாட்டுகளில் எத்தனையோ ஹிட்டுகளுக்கு வாசிச்சவர். 1962ஆம் வருஷத்து ஃபெண்டர் பிரிசிஷன், அதில் தடிமனான ஸ்ட்ரிங். பழைய ஸ்ட்ரிங்கை மாத்தவே மாட்டார் என்பது பிரசித்தம். வலது கையில் மீட்டினது ஆள்காட்டி விரல் ஒண்ணே ஒண்ணு. அந்த விரலுக்கே 'கொக்கி'ன்னு பட்டப்பேர்.

ஏன் ஒரு விரல்? அவர் முதல்ல வாசிச்சது நிமிர்த்தி வெச்சு வாசிக்கிற பெரிய டபுள் பேஸ். அந்தப் பழக்கத்தை அப்படியே மின்சார பேஸுக்குக் கொண்டு வந்தார். பழைய வாத்தியத்தின் பழக்கம் புது வாத்தியத்தில் ஏறினப்போ, யாரும் கேட்காத ஒண்ணு பிறந்தது. 1983இல் அவர் இறந்தார். அதுக்குச் சில நாள் முன்னாடி அந்த ஃபெண்டர் திருடுபோனது. திருடினவருக்குக் கிட்டார் கிடைச்சது. ஜேமர்சன் கிடைக்கலை.

8.
அடுத்தது காப்பி. மாண்டலின் ஸ்ரீனிவாஸை எல்லாருக்கும் தெரியும். 1969இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். அவர் குரு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. குரு பாடுவார், பையன் அதைக் கேட்டு மாண்டலினில் வாசிப்பான். மொத்தப் பயிற்சியும் காப்பிதான். அதுவும் மனுஷக் குரலை ஒரு கம்பி வாத்தியத்தில் காப்பி அடிக்கிறது.

அங்கதான் சிக்கல். மாண்டலினில் ஃப்ரெட் உண்டு, ஸ்ட்ரிங்குகள் ஜோடி ஜோடியா எட்டு. கமகத்துக்கு ஜோடி ஸ்ட்ரிங்கை இழுத்து வளைக்கிறது கஷ்டம். அவர் கைக்கு வந்தது ஒற்றை ஒற்றையா 5 ஸ்ட்ரிங் உள்ள மின்சார மாண்டலின்.

கவனிங்க, அவரும் கருவியை மாத்தினார். காது கேட்ட சத்தத்தைக் கருவி கொடுக்க மறுத்த பிறகு மாத்தினார். வரிசை முக்கியம்: முதல்ல காது, அப்புறம் கை, கடைசியில் கருவி. நம்ம பக்கத்து ராணிப்பேட்டையில் வளர்ந்த கிட்டார் பிரசன்னாவும் கர்னாடக சங்கீதத்தைக் கிட்டாரில் கொண்டு வந்தவர்தான். ஃப்ரெட் இருக்கிற வாத்தியம், கமகம் கேட்கிற சங்கீதம் என்று அவருக்கும் அதே சவால்.

9.
இன்னும் பின்னாடி போவோம். முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835), ஆங்கிலேயர் பேண்டு வாசிச்ச மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார். 'நோட்டுஸ்வர சாகித்யம்' என்று பேர். அதில் ஒண்ணு பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வாத்தியமான வயலினைக் கத்துக்கிட்டு நம்ம கச்சேரிக்குக் கொண்டு வந்தார்.

அப்புறம் என்ன ஆச்சு? நிக்கிற வாத்தியம் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. சுருதி சேர்க்கிற முறை ச-ப-ச-பன்னு மாறினது. இன்னைக்கு வயலின் இல்லாத கச்சேரியை நினைச்சுப் பார்க்க முடியுமா? இரவல் வாங்கினது 200 வருஷத்தில் சொந்தமாயிடுச்சு.

10.
"ராஜா சார் பாட்டை காப்பி அடிக்கிறேன்" என்று வருத்தப்பட்ட தம்பிக்கு, ராஜா சாரையே உதாரணம் சொல்றேன். அண்ணன் பாவலர் வரதராசன் குழுவில் ஊர் ஊராப் போய் வாசிச்சவர் இளையராஜா. சினிமா மெட்டுகளில் கட்சிப் பாட்டு பாடின குழு அது. பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம். சலீல் சவுத்ரிக்குக் கிட்டார், ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர். அதுக்கெல்லாம் அப்புறம்தான் 1976இல் 'அன்னக்கிளி'. அத்தனை வருஷம் அடுத்தவங்க மெட்டுக்கு வாசிச்ச கை அது.

இன்னொண்ணு. அந்தப் பாட்டுகளில் பேஸ் என்ன வாசிக்கணும்னு நொடேஷனில் எழுதிக் கொடுக்கிறவர் அவர். பல காலம் அதை வாசிச்சவர் சசிதரன். எழுதினது ஒருத்தர், விரல் இன்னொருத்தருடையது. 1982இல் வந்த 'பனிவிழும் மலர்வனம்' பாட்டை ஹெட்போனில் பேஸை மட்டும் பிடிச்சுக் கேளுங்க. எழுதிக் கொடுத்ததை வாசிச்சாலும் கலைஞன் கலைஞன்தான்.

11.
அப்போ எல்லாக் காப்பியும் நல்லதா? இல்லை. ரெண்டு வகை இருக்கு.

எந்த ஃப்ரெட்டில் விரல் வைக்கணும்னு எண்ணா எழுதித் தர்ற குறிப்பு இணையத்தில் நிறைய கிடைக்கும். 'டேப்' என்பாங்க. அது கோனார் உரை மாதிரி. பரீட்சைக்கு உதவும். அதை மட்டுமே படிச்சா மூலப் பாடம் கடைசிவரை தெரியாது. காதால எடுக்கிற காப்பி வேற ரகம். செய்முறை:

• முதல்ல பேஸ் வரியை வாயால பாடுங்க. பாட வரலைன்னா இன்னும் காதில் விழலைன்னு அர்த்தம்.
• வேகத்தைப் பாதியாக்கிக் கேளுங்க. யூடியூப்லயே வசதி இருக்கு.
• கையில் எடுங்க. டேப்பைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் திறங்க.
• வாசிச்சதை போனில் பதிவு பண்ணி, ஒரிஜினலோட வெச்சுக் கேளுங்க.

இந்தக் கடைசி வேலையைத்தான் யாரும் செய்யுறதில்லை. அதில் ரெண்டு விதமான வித்தியாசம் கேட்கும். ஒண்ணு தப்பு, திருத்திடுங்க. இன்னொண்ணு, தப்பே இல்லாத வித்தியாசம். நீங்க சுரத்தைக் கொஞ்சம் முன்னாடியே விடுறீங்க, ஒரு இடத்தில் வழுக்கிப் போறீங்க, கேட்க நல்லாவும் இருக்கு. அதைக் குறிச்சு வெச்சுக்கோங்க. உங்க கையெழுத்து தொடங்குற இடம் அது. பத்து பாட்டில் அதே வித்தியாசம் வந்தா, உங்க சவுண்டு உங்களுக்குக் கிடைச்சாச்சு. ஜிஎஸ்டி கிடையாது.

12.
கம்பெனிகளுக்கும் இதே கதைதான். 1970களில் ஜப்பானின் ஐபனீஸ், அமெரிக்க கிட்டார்களை அச்சு அசலா நகல் எடுத்து வித்தது. 1977இல் கிப்சனின் தாய் நிறுவனம், கிட்டாரின் தலைப்பகுதி வடிவத்தைச் சொல்லி, ஐபனீஸின் அமெரிக்க விநியோகஸ்தர் மேல் கேஸ் போட்டது. இன்னைக்கு ஐபனீஸ் என்றாலே தனி டிசைன்.

நம்ம நாட்டில் கொல்கத்தா 'கிவ்சன்'. பேரைக் கவனிங்க, கிப்சனுக்கு ஒரு எழுத்துதான் வித்தியாசம். வெளிநாட்டுக் கிட்டாரை நினைச்சுக்கூட பார்க்க முடியாத காலத்தில், எத்தனையோ பேருக்கு முதல் கிட்டார் அதுதான்.

13.
கருவி முக்கியமே இல்லைன்னு நான் சொல்லலை. ஒரு அளவுக்குக் கீழ போனா கருவி கையைக் கெடுக்கும். காசு செலவு பண்ண வேண்டிய வரிசை இது:

• ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங் ரொம்ப உயரமா இருக்கா? அழுத்தவே பலம் போகும். 'செட்டப்' பண்ணிக் கொடுக்கச் சொல்லுங்க. புதுக் கிட்டார் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். நம்ம தம்பிக்கு நான் சொன்னதும் இதுதான். வலியும் குறைஞ்சது, லோனும் தள்ளிப் போனது.
• புது ஸ்ட்ரிங்.
• ட்யூனர். போன் ஆப் போதும்.
• காது அடைப்பான். 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை பாதுகாப்பு என்பது தொழில்துறை அளவுகோல். 100 டெசிபலில் அது வெறும் 15 நிமிஷம். ஆர்கெஸ்ட்ரா மேடையில், ஸ்பீக்கர் பக்கத்தில் நாலு மணி நேரம் நிக்கிறீங்க. போன கேட்கும் திறனை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

புதுக் கருவி வாங்கலாமான்னு சோதிக்க ஒரே கேள்வி: "என் காது கேட்கிற எந்தச் சத்தத்தை இந்தக் கிட்டார் தர மாட்டேங்குது?" பதில் குறிப்பா வந்தா வாங்குங்க, சேமிச்சு வாங்குங்க. "தெரியலை, ஆனா நல்லா இருக்கும்" என்று வந்தா, அது பெக்கர் சொன்ன சிண்ட்ரோம்.

14.
விரல் நுனி எரிச்சல் முதல் சில வாரம் சகஜம், தோல் தடிச்சதும் போயிடும். ஆனா விரல் மரத்துப் போறது, ராத்திரியில் கை கூசி முழிப்பு வர்றது, கட்டைவிரலுக்குக் கீழ மணிக்கட்டு வலி, வலியே இல்லாம வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தானா மடங்குறது: இதில் எது வந்தாலும் வாசிப்பை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. இன்னும் கடுமையா பயிற்சி பண்ணினா சரியாயிடும்னு நினைக்காதீங்க.

15.
சுருக்கம்: நல்லா, நேர்மையா, காதால காப்பி அடிங்க. யாருடைய வரின்னு பேரைச் சொல்லி அடிங்க. நாம எல்லாரும் ஒரே 'அ', 'ஆ'வைப் பார்த்துத்தான் எழுதக் கத்துக்கிட்டோம். அப்படியும் உலகத்தில் எந்த ரெண்டு பேர் கையெழுத்தும் ஒண்ணா இல்லை. (டாக்டர் கையெழுத்து மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு கமெண்ட் போடப் போறவங்களுக்கு முன்கூட்டியே வணக்கம்.)

வர்ற திருவிழாவில் ஆர்கெஸ்ட்ரா பார்த்தா, பாடுறவங்களைத் தாண்டி, ஓரத்தில் நாலு ஸ்ட்ரிங்கோட நிக்கிற ஆளையும் ஒரு பாட்டு முழுக்கக் கேளுங்க. இப்போ பல மேடையில் அவர் இடத்துக்குக் கீபோர்டும் மைனஸ் ஒன் ட்ராக்கும் வந்தாச்சு. இன்னும் வாசிக்கிறார்னா, முடிஞ்சதும் போய் "பேஸ் நல்லா இருந்துச்சு தம்பி"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

உங்க ஊர்ல அப்படி ஒருத்தர் இருந்தா, அவர் வாசிச்சு நீங்க ரசிச்ச பாட்டைக் கீழ எழுதுங்க.