பாட்டுக்கு அடியில் இருந்த குரல்

ஜூலை 3, வியாழன்

தாராவி 90 அடி சாலையிலிருந்து ஓர் அண்ணாச்சி கல்யாண வீடியோ கேசட் ஒன்றை டிஸ்க்குக்கு மாற்றித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளத்திலிருந்து, பரணில் கிடந்ததால் தப்பித்த கேசட். நனையவில்லை; ஈரம் மட்டும் ஏறி, டேப் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை.

"படம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல தம்பி. எங்கம்மா குலவை போட்டது கேக்கணும்."

அவர் கேட்டதுதான் கடினமானது. விஎச்எஸ் டேப்பில் படம் நடுவில் சாய்கோடுகளாகப் பதிகிறது. சாதாரண ஒலியோ மேல் விளிம்பில், 1 மில்லிமீட்டர் அகலக் கோடாக ஓடுகிறது. ஈரமும் சுருக்கமும் முதலில் தின்பது விளிம்பைத்தான். படம் நன்றாகத் தெரிய, பேச்சு மட்டும் தேய்ந்து மறைவது அதனால்தான்.

பூஞ்சையை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தெடுத்தேன். பிறகு ஆடியோ ஹெட்டின் பக்கத்துத் திருகு. ஹெட்டின் சாய்வு இம்மி பிசகினாலும் கீச்சு ஒலிகள் மங்கிவிடும். இந்த டேப் ஓடும் வேகம் நொடிக்கு 2.34 சென்டிமீட்டர், பாட்டு கேசட்டின் 4.76இல் பாதிகூட இல்லை. இருக்கிற கொஞ்சம் கீச்சையும் இங்கே விட்டால் எந்த மென்பொருளும் அதை மீட்டுத் தராது. கேட்டுக்கொண்டே மெல்லத் திருப்பினேன். கம்பளிக்குள்ளிருந்து வந்ததுபோல இருந்த குலவை பளிச்சென்று திறந்துகொண்டது.

ஜூலை 8, செவ்வாய்

மாட்டுங்காவிலிருந்து ஒரு கச்சேரி கேசட். அடியில் 'ம்ம்ம்' என்று இரைச்சல். நம் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ். டெக்கின் சுழலும் ஹெட்டுகள் மாறுவதும் நொடிக்கு 50 தடவை. ஆகவே இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று காதுக்குச் சட்டெனத் தெரியாது. டேப்பை நிறுத்திய பிறகும் கேட்டால் மின்சாரம். டிராக்கிங்கைத் திருப்பும்போது கூடிக் குறைந்தால் ஹெட். இன்று நிறுத்தியும் கேட்டது. டெக்கையும் கணினியையும் ஒரே பிளக் பலகையில் செருகியதும் போய்விட்டது.

மிச்சமிருந்த சரசரப்பை மென்பொருளில் குறைக்கும்போது தம்புராவை நினைத்துக் கவலையாகவே இருந்தது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தை 'மௌனம்' என்று மாதிரி காட்டினால், அங்கே விடாமல் ஒலிக்கும் சுருதியையும் சேர்த்து இரைச்சலென்று எடுத்துத் துடைத்துவிடும். தம்புரா தொடங்குமுன் டேப்பில் கிடைத்த சில நொடிகளை மாதிரியாகக் கொடுத்தேன். அப்போதும் பாதி சரசரப்பை அப்படியே விட்டேன். சுருதி இல்லாத சுத்தம் யாருக்கு வேண்டும்?

ஜூலை 12, சனி

செம்பூர் மாமியின் கல்யாண கேசட். ஆரம்பம் முதல் முடிவுவரை சினிமாப் பாட்டு. அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான்: ஊஞ்சலுக்கு ஒரு பாட்டு, தாலிக்கு ஒரு பாட்டு என்று மேலே பதித்துவிடுவார்கள். எத்தனை வீட்டுப் பேச்சு இப்படி அழிந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை.

ஆனால் இதை எடுத்த கேமரா மஸ்கட்டிலிருந்து வந்த மைத்துனருடையது, ஹைஃபை வகை. அதில் ஒலி இரண்டு இடத்தில் பதிகிறது: விளிம்புக் கோட்டில் ஒருமுறை, சுழலும் ஹெட்டுகள் மூலம் படத்துக்கும் அடியில், பூச்சின் ஆழத்தில் இன்னொரு முறை. பின்னால் பாட்டு சேர்த்தவரால் விளிம்பை மட்டுமே மாற்ற முடியும். ஆழத்தைத் தொட்டால் படமே போய்விடும். மாமி வீட்டு மோனோ டெக் விளிம்பைத் தவிர வேறெதையும் படித்ததில்லை.

என் டெக்கில் 'நார்மல்' இலிருந்து 'ஹைஃபை'க்கு மாற்றினேன். பாட்டு நின்றது. ஊஞ்சல் சங்கிலியின் கிறீச்சு, பெண்கள் சேர்ந்து பாடுவது, அதற்கு நடுவே ஒரு ஆண் குரல்: "மெதுவா ஆட்டுங்கோ, கொழந்தை பயப்படறா!"

"அப்பா," என்றார் மாமி. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நான் முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன்.

மோனோ டெக்கில் ஓட்டி டிஸ்க்குக்கு மாற்றி வாங்கிக்கொண்டு, கேசட்டைக் குப்பையில் எறிந்த வீடுகள் இந்த ஊரில் ஏராளம்.

ஜூலை 13, ஞாயிறு

மாமி கேசட்டைக் கணினிக்கு ஏற்றியதில் போகப்போகப் படம் முந்தி, ஒலி பிந்தியது. தவில் குச்சி தோலில் விழும் இடங்களை முதலிலும் கடைசியிலும் வைத்துப் பார்த்தேன். இடைவெளி ஒரே அளவாக இருந்தால் ஒலியை நகர்த்தினால் போதும். இங்கே வளர்ந்துகொண்டே போனது, அதாவது வழியில் ஃபிரேம்கள் விழுந்திருக்கின்றன. ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட். 25 விழுந்தால் ஒரு நொடி. ஒலியை இழுத்துச் சரிக்கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. நடுவில் எங்கேயும் பொருந்தாது. சிக்னலின் நேரத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டரை இடையில் வைத்து மறுபடி முழுதும் ஏற்றினேன். தவில் சரியாக விழுந்தது.

மாமிக்குப் பாட்டும் வேண்டுமாம். பிள்ளைகள் அந்தப் பாட்டோடுதான் கல்யாணத்தைப் பார்த்து வளர்ந்தார்கள். டிவிடியில் ஒரே படத்துக்கு எட்டு ஒலித்தடம் வரை வைக்கலாம். முதல் தடத்தில் அப்பா, இரண்டாவதில் பாட்டு. ரிமோட்டில் 'ஆடியோ' பொத்தானை அழுத்தினால் மாறும். எழுதிய டிஸ்க்கும் நாளடைவில் கெடும் என்பதால், இரண்டையும் சுருக்காத வேவ் கோப்புகளாக ஹார்ட் டிஸ்கில் போட்டு, கேசட்டையும் அவர் கையிலேயே கொடுத்தேன்.

டெக்கில் டேப்பை அழுத்தி இழுக்கும் பிஞ்ச் ரோலர் வழவழத்துவிட்டது. 2016இல் கடைசித் தயாரிப்பாளரான ஃபுனாய் நிறுத்தியதோடு புது டெக் வருவதும் நின்றுபோனது. இதைக் காப்பாற்றியாக வேண்டும். நாளை ரோலர் தேடி லாமிங்டன் ரோடு.