ஜோடிக் கணக்கு

மாட்டுப் பொங்கலன்று விடியற்காலை ஐந்தரை மணிக்கு அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு குரும்புரம் காட்டுக்குப் போனேன். "காட்டுல இன்னாடா வேல உனக்கு?" என்று கேட்டாரே தவிர, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-லிருந்து நடக்கிறது. பொங்கலை ஒட்டிய நாட்களில் எங்காவது கால் மணி நேரமாவது நின்று, கண்ணிலும் காதிலும் பட்ட பறவைகளை எண்ணி ஈபேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். சென்னையில் வேலைக்குப் போன இடத்தில், பள்ளிக்கரணையைப் பார்த்துப் பார்த்து எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. மூன்று வருடம் அங்கேயே எண்ணினேன். இந்த முறை சொந்த ஊரில் எண்ணலாம் என்று தோன்றியது. அப்பாவை ஏன் கூட்டிப்போனேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

குரும்புரம், மரக்காணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் காப்புக்காடு. அனுமதியில்லாமல் உள்ளே போகக் கூடாது. ஓரமாக நடந்தோம். காடு என்றதும் யானையும் அருவியும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். வீரை, உலக்கைப்பாலை, காசான் என்று குட்டையான, நெருக்கமான மரங்கள். தடித்த சின்ன இலைகள். மழை குறைவாகப் பெய்யும் இந்தக் கடற்கரையில் வெயில் காலத்திலும் பச்சை மாறாமல் நிற்கிற காடு இது. சோழமண்டலக் கரையில் இதைப் போன்றவை இன்று துண்டு துண்டாகத்தான் மிச்சம்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை. நான் கைப்பேசியில் மணி பார்த்தேன். அப்பா பார்க்கவில்லை.

"ஆறு மணிக் குருவி. காலைல ஒரு தபா, பொழுது சாயச் சொல்ல ஒரு தபா கூவும்."

இமயமலை அடிவாரத்திலிருந்து குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை அது. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றதில், வீரை மரத்தடிச் சருகைப் புரட்டிக்கொண்டு வெளியே வந்தது. பச்சை முதுகு, கண்ணை மூடிய கறுப்புப் பட்டை, இறக்கையில் நீலம், வாலுக்கு அடியில் சிவப்பு. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அப்பா சாதாரணமாகச் சொன்னார்:

"கண்ணில ஒரே ஒரு தபா மாட்டிச்சி. உட்டுட்டேன்."

"ஏம்பா?"

"அதுல கறி இல்லடா."

இதற்காகத்தான் கூட்டிப்போனேன் என்று நினைக்கிறேன்.

அப்பா உப்பளத் தொழிலாளி. தை, மாசியில் பாத்தியை மிதித்துச் சீராக்கி, உவர்நீர் பாய்ச்சி, பங்குனியிலிருந்து உப்பு வாருவார். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்தியெல்லாம் ஏரியாகிவிடும். மழை விட்டுத் தண்ணீர் வடிகிற வரை கூலி கிடையாது. இப்போது அரசாங்கம் மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5000 ரூபாய் தருகிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அதுவும் இல்லை. கந்துக்கு வாங்குவோம், வெயில் காலம் முழுக்க அடைப்போம். பறவைகள் வருவது சரியாக அந்த மாதங்களில்தான். எனக்கு இன்று சீசன் என்பது, எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத காலம்.

அப்போது அப்பா ராத்திரியில் கழுவெளிப் பக்கம் போவார். விடிவதற்குள் சாக்கோடு திரும்புவார். நாலு ஜோடி சிறகி, சில நாள் ஆறு. இரண்டை அம்மா குழம்பு வைப்பாள். மற்றதைத் துண்டுக்குள் மறைத்து எடுத்துப்போய் விற்றுவிட்டு அரிசியோடு வருவார். 1972-லேயே சட்டம் வந்துவிட்டது, அப்பாவுக்கும் தெரியும். அதனால்தான் துண்டு. அந்தக் குழம்பு ருசியாக இருந்தது என்பதை நான் மறைத்து என்ன ஆகப்போகிறது.

போன வருடம் எங்கள் பறவை நண்பர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. கட்டிய காலோடு பத்துப் பதினைந்து வாத்துகள், பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். எங்கேயோ பிடிபட்டிருக்கிறார். எல்லோரும் திட்டித் தீர்த்தார்கள். நானும் ஒரு கோபமுகம் போட்டேன். அந்த ஆள் கட்டியிருந்த கட்டம் போட்ட லுங்கி மாதிரியே அப்பாவிடம் ஒன்று உண்டு. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கோபமுகத்தை எடுக்கவும் இல்லை.

காட்டிலிருந்து ஊரைத் தாண்டி உப்பளத்துக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பாதிப் பாத்திகளில் இன்னும் மழைத்தண்ணீர். பவளக்கால் உள்ளான்கள் வரப்போரம் நடந்தன. தூரத்தில் பூநாரைக் கூட்டம் ஒரு வெளிர்சிவப்புக் கோடு. கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 5151 ஹெக்டேர் என்றேன். அப்பா கேட்டுக்கொண்டார்.

"நல்லதுதான். மழ மாசத்துல எங்களுக்கும் ஒரு வழி பண்ணிட்டா, அவன் அவன் ஏன் ராவுல தண்ணில எறங்கறான்?"

நான் பதில் சொல்லவில்லை.

ஆழமான பாத்தி ஒன்றில் நீலச்சிறகிகள் மிதந்தன. சைபீரியா வரை போய் முட்டையிட்டுவிட்டு வருகிற பறவை, புறாவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஆணுக்கு வெள்ளைப் புருவம் இன்னும் முழுசாக வரவில்லை. பைனாகுலரை அப்பாவிடம் நீட்டினேன். முதலில் தலைகீழாகப் பிடித்தார், திருப்பிக் கொடுத்தேன். உப்பு வெளிச்சத்தில் முப்பது வருடம் வேலை செய்த கண். திருகைத் திருகித் திருகி ஒருவழியாகப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் இறக்கவே இல்லை.

"ராவுல புடிச்சதால இதெல்லாம் பாத்ததில்லடா. தூங்கச் சொல்லகூட ஒரு கண்ணத் தொறந்து வச்சிருக்குது பாரு."

நான் எண்ண ஆரம்பித்தேன். பாதியில் ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்துவர, மொத்தக் கூட்டமும் எழும்பிச் சுற்றி வேறு பாத்தியில் இறங்கியது. கணக்கு குழம்பிவிட்டது.

"எத்தினி போட்ட?" என்றார் அப்பா.

"உட்டுட்டேன்பா."

"நாப்பத்தி மூணு ஜோடி. ஒண்ணு தனி."

கைப்பேசியைத் திறந்து, நீலச்சிறகிக்கு நேராக 87 என்று போட்டேன்.